வாப்பாவுக்கு நான் போட்ட புள்ளி

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பாரிசவாதம் வந்த ஒருவர் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். இல்லாதவர்களும் வாசியுங்கள். இது யார் வீட்டுக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் காத்தான்குடி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். தினமும் காலையில் மண்முனைப் பாலத்தால் போய், பகல் திரும்பி வருகிறேன். புள்ளி போடுவது என் தொழில். இந்தப் பதிவும் ஒரு புள்ளியைப் பற்றியதுதான். நான் வாப்பாவுக்குப் பிழையாகப் போட்ட புள்ளி.

வாப்பா அந்தக் காலத்தில் படுவான்கரைக்குப் புடவை வியாபாரம் போனவர். சைக்கிள் கரியரில் புடவைப் பொட்டணியைக் கட்டிக்கொண்டு, மண்முனையில் பாதை ஏறி அக்கரைக்குப் போவார். இப்போது பாலத்தைத்தான் தெரிந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: 'பாதை' என்றால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கிற மிதவை. கொக்கட்டிச்சோலையில் ஒரு போடியார் வீட்டு விறாந்தைதான் வாப்பாவின் கடை. கடனுக்குச் சாறி கொடுத்து, வெள்ளாண்மை வெட்டிய பிறகு காசு வாங்குகிற வியாபாரம். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு பல வருடங்கள் வாப்பா வாவியைத் தாண்டவில்லை. ஏன் என்று இந்த ஊர் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2014 இல் பாலம் திறந்த பிறகுதான் திரும்பவும் போடியாரைப் பார்க்கப் போனார். அப்போது இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சுபஹ் நேரம் வாப்பா வுழூ செய்யப் போனவர் பைப்படியிலேயே இருந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தூக்க ஏலவில்லை. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. வலது கையும் காலும் பலம் குறைந்து போய்விட்டன. பேச்சு மெதுவாகத் திரும்பி வந்தது.

வீட்டுக்குக் கூட்டி வந்த நாளிலிருந்து உம்மா அவரைக் கீழே விடவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினா. முகம் கழுவி, பல் துலக்கிவிட்டா. சாரம் கட்டிவிட்டா. இரவில் இரண்டு தரம் எழும்பிப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குக் கூட்டிப் போனா. வாறவர்கள் எல்லாரும் "உங்கட உம்மா சொர்க்கத்துப் பெண்" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து கிளினிக். அங்கே ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். சனம் நிறைந்த நாள். வாப்பா சக்கரக் கதிரையில், நான் பக்கத்தில்.

"தானே சாப்பிடுவாரா?"

"ஓம்."

"உடுப்பு தானே மாற்றுவாரா?"

"ஓம், மாற்றுவார்."

"சிறுநீர் கட்டுப்பாடு இருக்கா?"

"ஓம்."

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்று, வெட்கம். சந்தை முழுக்கக் கம்பீரமாகத் திரிந்த மனிதன் இரவில் படுக்கையை நனைக்கிறார் என்பதை, பத்துப் பேர் கேட்கிற இடத்தில், அவரை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வது? இரண்டு, உண்மையிலேயே அவருக்கு ஏலும் என்று நினைத்தேன். இடது கை நல்லாத்தானே இருக்கிறது, நினைத்தால் சாப்பிடலாம்தானே என்று. மூன்றாவது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது: நான் ஒரு வாத்தி. என் வாப்பா குறைந்த புள்ளி எடுப்பதை என்னால் தாங்க ஏலவில்லை.

கூட்டிப் பார்த்தார்கள். 100 க்கு 85. "நல்ல முன்னேற்றம்" என்றார்கள். ஓ.எல். ரிசல்ட் வந்த மாதிரி சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். 85 எடுத்தவருக்கு அடிக்கடி பயிற்சி எதற்கு? அடுத்த திகதியைத் தூரத்தில் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டவர்களில் பிழை இல்லை. விடை எழுதியவன் நான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு இரவு, பாத்ரூம் கதவு நிலையடியில் இரண்டு பேரும் விழுந்தார்கள். வாப்பாவுக்குச் சிராய்ப்புத்தான். அவருடைய முழுப் பாரத்தையும் தாங்கிய உம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கையில் பிளாஸ்டரோடு உம்மா படுத்திருந்த அந்த இரவு வாப்பா என்னைக் கூப்பிட்டார். குழறின பேச்சுத்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"மகன், நீ எனக்கு பாஸ் போட்டுட்டாய். நான் பெயில் எண்டு உம்மாக்குத்தான் தெரியும்."

அடுத்த நாளே திரும்பப் போனேன். இந்த முறை தொழில்வழிச் சிகிச்சை செய்கிற ஒரு தங்கச்சி இருந்தா. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவ ஏசவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டா.

"சேர், பரீட்சையில பிள்ளைக்குப் பதிலா நீங்க விடை எழுதுவீங்களா?"

பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, வாப்பாவையே செய்யச் சொன்னா. சேட்டைக் கழற்றிப் போடச் சொன்னா. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறச் சொன்னா. வீட்டில் யார் ஊட்டுவது, இரவில் என்ன நடக்கிறது என்று குரலைத் தாழ்த்தி அவரிடமே கேட்டா. இந்த முறை வந்த புள்ளி 45.

ஒரே மனிதன். அன்றைக்கு 85, இன்றைக்கு 45. இடையிலிருந்த 40 புள்ளியையும் உம்மாவின் கைதான் சுமந்திருந்தது.

அந்தப் படிவத்தின் பெயர் பார்த்தெல் அளவுகோல். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் புளோரன்ஸ் மஹோனி என்ற டாக்டரும், டொரோத்தியா பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் 1965 இல் அச்சில் வெளியிட்டது. இத்தனை வருடம் கழித்தும் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். காரணம், அதில் மெசினும் இல்லை, ஊசியும் இல்லை. மனிதன் காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை செய்கிற 10 வேலைகள் மட்டும்தான்.

1. சாப்பாடு: 0, 5, 10
2. குளிப்பு: 0, 5
3. முகம் கழுவுதல், பல் துலக்குதல், தலை சீவுதல், சவரம்: 0, 5
4. உடுப்பு: 0, 5, 10
5. மலக் கட்டுப்பாடு: 0, 5, 10
6. சிறுநீர்க் கட்டுப்பாடு: 0, 5, 10
7. மலசலகூடத்துக்குப் போய், கழுவி, உடுப்பைச் சரிசெய்து வருதல்: 0, 5, 10
8. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல்: 0, 5, 10, 15
9. சமதரையில் 50 யார் அளவு நடத்தல்: 0, 5, 10, 15
10. படி ஏறி இறங்குதல்: 0, 5, 10

எல்லாம் சேர்த்து 100. தானே செய்தால் முழுப் புள்ளி. உதவியோடு செய்தால் இடைப் புள்ளி, அதிலும் பாதிக்கு மேல் பாடுபடுவது நோயாளியாக இருக்க வேண்டும். குளிப்புக்கும் முகம் கழுவுவதற்கும் இடைப் புள்ளி கிடையாது, முழுதாகச் செய்தால் 5, இல்லாவிட்டால் 0.

புள்ளி போடுகிற விதிகள்தான் எனக்குப் பெரிய பாடம்.

முதல் விதி: 'ஏலும்' என்பதற்குப் புள்ளி இல்லை. 'செய்கிறார்' என்பதற்குத்தான் புள்ளி. நேற்றும் இன்றும் உண்மையில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத வேண்டும். என் வகுப்பிலும் "சேர், எனக்குச் செய்யத் தெரியும்" என்று சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பேப்பரில் செய்திருந்தால்தானே நான் சரி போடுவேன்!

இரண்டாவது விதி: பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும் என்றால், அது தானே செய்வது ஆகாது.

மூன்றாவது விதி: கைத்தடி, கம்பி, விசேஷக் கரண்டி, எதைப் பாவித்தாலும் புள்ளி குறையாது. பொல்லு ஊன்றி நடப்பதை வெட்கமாக நினைக்கிற நம் ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாப்பா ஏன் இடது கையால் சாப்பிடவில்லை என்பது அந்தத் தங்கச்சி கேட்ட பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. "அந்தக் கையாலதான் கழுவுற. அந்தக் கையால எப்படிச் சோறு தின்னுற?" என்றார். இரண்டு மாதமாக அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். சோம்பலும் இல்லை, இயலாமையும் இல்லை. மௌலவி ஒருவர் வீட்டுக்கு வந்து, வலது கை ஏலாதவருக்கு இடது கையால் சாப்பிடுவதில் குற்றமில்லை என்று எடுத்துச் சொன்னார். அந்தத் தங்கச்சி கரண்டிப் பிடியில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தா. பீங்கான் வழுக்காமல் இருக்கக் கீழே ஈரத்துணி போடச் சொன்னா. சாப்பிடும்போது நிமிர்ந்து இருக்க வேண்டும், சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட வேண்டும், இருமல் வந்தால் நிறுத்திவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்றா. இந்த நோயில் சாப்பாடு புரைக்கேறினால் நெஞ்சுக்குள் போய்விடும்.

அந்த நாட்களில்தான் ஒரு பகல் பாடசாலை விட்டதும் போடியாரைப் பார்க்கப் போனேன். வாப்பாவுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே அவருக்கும் பாரிசவாதம் வந்திருந்தது. அவருக்கு இடது பக்கம்.

நான் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேட் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. சோறு நெஞ்சிலும் சிந்தியிருந்தது. அவருடைய மனிசி பக்கத்தில் சும்மா இருந்தா. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபம் வந்தது, சொன்னால் என்ன. பிறகு பேசும்போது, உம்மா வாப்பாவுக்கு ஊட்டிவிடுகிற கதையைச் சொன்னேன். அவ சிரித்தா.

"எனக்கும் ஊட்டத் தெரியும் தம்பி. ரெண்டு நிமிசத்தில ஊட்டிப்போட்டு நான் என்ட வேலையப் பாப்பன். கையக் கட்டிக்கிட்டு அரை மணித்தியாலம் பாத்துக்கிட்டு இரிக்கிறதுதான் கஷ்டம்."

பேத்திப் பிள்ளை கொப்பித் தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாள். சாப்பாடு, உடுப்பு, நடை என்று எழுதி, தாத்தா தானே செய்த நாளுக்குச் சரி போட்டிருந்தாள். பிழை எங்கேயும் இல்லை. செய்யாத நாளுக்கு வெறும் கட்டம்தான். அந்த யோசனையை அப்படியே களவெடுத்து வந்து எங்கள் வீட்டுக் குசினிச் சுவரில் ஒட்டினேன்.

உம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. கையில் பிளாஸ்டர் இருந்ததால் அவவுக்கும் வேறு வழி இருக்கவில்லை. உதவி செய்யாமல் இருப்பதை அவ குற்றமாக நினைத்தா. வாப்பா சாரம் கட்டத் தடுமாறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதா. சாரத்துக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்தோம். சேட் போடும்போது ஏலாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது ஏலாத கையைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்பதைப் படித்துக்கொண்டோம். எழுப்பும்போது ஏலாத கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதையும் படித்துக்கொண்டோம். அதுவரை நாங்கள் எல்லாரும் அந்தக் கையைத்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். தோள் வலி என்று அவர் முனகியது அதனால்தான். மேசனைக் கூப்பிட்டு பாத்ரூம் சுவரில் கம்பி பூட்டினோம். நிலையடிப் படியை உடைத்துச் சரிவாக்கினோம். இரவுக்குக் கட்டிலடியில் ஒரு போத்தல். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

மூன்று மாதத்தில் 80 வந்தது. இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. வாப்பா செய்து காட்டி எடுத்த புள்ளி அது. அந்த முதல் மாதங்களில்தான் உடம்பு வேகமாகத் தேறும் என்பார்கள். அதில் இரண்டு மாதத்தை நாங்கள் பாசத்தால் வீணாக்கிவிட்டோம்.

இந்த அளவுகோலுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 100 எடுத்தவர் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். தனியாக வாழ்வார் என்று அர்த்தம் இல்லை. சமைப்பது, வெளியில் நாலு பேரோடு பழகுவது எல்லாம் இதில் இல்லை என்று உண்டாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். 1969 இல் லோட்டன், புரோடி என்ற இருவர் இன்னொரு பட்டியல் போட்டார்கள். டெலிபோன் பாவிப்பது, கடைக்குப் போவது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, காசுக் கணக்குப் பார்ப்பது என்று 8 விஷயங்கள்.

அந்த இரண்டு பட்டியலிலும் இல்லாத ஒன்று ஒவ்வொரு மனிதனுக்கும் இருக்கிறது. வாப்பாவுக்கு அது ஜமாஅத் தொழுகை. கதிரையில் இருந்தாவது பள்ளியில் தொழ வேண்டும். போடியாருக்கு அது வயல் வரம்பு. படி ஏறி இறங்குவார், ஆனால் வரம்பில் ஒற்றைக் காலடியில் நடக்க ஏலாது. "வீட்டுக்குள்ள நான் நல்ல சுகம் தம்பி. வயலுக்குத்தான் நான் வருத்தக்காரன்" என்றார். உங்கள் வீட்டு நோயாளியிடம் இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: திரும்பவும் எதைச் செய்ய ஆசை? பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் "குணம் மாறிப்போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

வாப்பாவிடம் நான் கேட்டபோது தொழுகைக்கு அடுத்ததாகச் சொன்னது, "போடியாரப் பாக்கோணும்."

ஒரு சனிக்கிழமை ஓட்டோ பிடித்து, ஆரையம்பதி தாண்டி மண்முனையால் போனோம். பாலத்தில் ஓட்டோவை மெதுவாகப் போகச் சொன்னார். இறங்கும்போது நான் கை கொடுக்கப் போனேன். "உடு" என்றார். விட்டேன். மூன்று நிமிடம் எடுத்தது. விறாந்தைப் படியடியில் போடியார் பொல்லோடு நின்றுகொண்டிருந்தார்.

எருமைத் தயிர் வைத்தார்கள். வாப்பா இடது கையால் கரண்டியைப் பிடித்தார், பீங்கான் வழுக்கியது. போடியார் தன் வலது கையால் அந்தப் பீங்கானை அமத்திப் பிடித்தார்.

"காக்கா, உனக்கு இடது கை, எனக்கு வலது கை. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆள்."

இரண்டு பேரும் வாய் கோணச் சிரித்தார்கள். நானும் போடியாரின் மனிசியும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தோம்.

கடைசியாக மூன்று விஷயம்.

ஒன்று: வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுங்கள். சிலருக்கு ஸ்கான் பார்த்துவிட்டு, இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து கொடுக்கலாம். ஆனால் அது தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் இருக்க வேண்டும். தேத்தண்ணி பருக்கிக்கொண்டும், எண்ணெய் தேய்த்துக்கொண்டும் அந்த நேரத்தைப் போக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு: கிளினிக்கில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆட்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். குறைந்த புள்ளி அவமானம் இல்லை, அதற்குத்தான் உதவி வரும். நாம் கூட்டிச் சொல்கிற ஒவ்வொரு புள்ளியையும் வீட்டில் ஒரு பெண்தான் சுமக்கிறாள்.

மூன்று: அவர் மெதுவாகச் செய்தாலும் செய்ய விடுங்கள்.

பதிவிட முன் இதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவருடைய அந்தரங்கம் எல்லாம் இதில் இருப்பதால். முழுதும் கேட்டுவிட்டு, "போடு, நாலு சனத்துக்கு உதவும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து ஒரு முறைப்பாடு.

"80 இல எனக்குக் குளிப்புக்கு எத்தின?"

"0 வாப்பா."

"நீ முதுகு மட்டும்தானே தேய்க்கிற?"

"முழுசாத் தானே குளிச்சாத்தான் 5."

"வாத்தி புத்தி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று காலையில் நீளமான பிடி போட்ட பிரஷ் ஒன்று வாங்கித் தரச் சொல்லி உம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

வாப்பாவுக்காகவும் போடியாருக்காகவும் துஆ செய்யுங்கள், பிரார்த்தியுங்கள்.